ஏழாம் அத்தியாயம்: வண்டியை ஏஜென்சியில் விடும்போது

துபாயிலோ ஷார்ஜாவிலோ அபுதாபியிலோ உத்தியோகம் பார்க்க வந்து, ஓட்டுநர் உரிமத்துக்காகப் படாத பாடுபட்டு, ஒருவாறாக வங்கிக் கடனில் ஒரு காரையும் வாங்கி நிறுத்திவிட்டு, இனி ஒரு கவலை தீர்ந்தது என்று பெருமூச்சு விடுகிற நம்மவருக்கு, அந்த வாரத்திலேயே காதில் விழத் தொடங்கும் சொல் ஒன்று உண்டு: ஏஜென்சி. "வண்டி ஏஜென்சி மெயின்டைன்டா?" என்று அலுவலக நண்பர் கேட்பார், "ரிப்பேர் ஏஜென்சியிலா, வெளியிலா?" என்று இன்ஷூரன்ஸ் விற்பவர் கேட்பார், பிற்காலத்தில் வண்டியை விற்கப் போனால் வாங்க வருகிறவரும் முதற்கண் இதைத்தான் கேட்பார். இந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை முன்னதாகவே விளங்கிக்கொண்டால், பிற்பாடு நேரும் சங்கடங்களில் பாதி குறைந்துவிடும் என்பது அந்நாட்டில் 18 ஆண்டுகள் வண்டியோட்டிய என் அனுபவம்.

சென்னையில் ஒரு கம்பெனியின் வண்டியை வாங்கியவருக்கு, அம்பத்தூரில் உள்ள பட்டறை மனத்துக்கு ஒவ்வாவிட்டால், அதே கம்பெனிக்கு வேறொரு முதலாளி நடத்தும் பட்டறை கிண்டியிலோ வேளச்சேரியிலோ கிடைக்கக்கூடும். ஒருவரிடம் பிணங்கிக்கொண்டு மற்றவரிடம் போய்விடலாம். அமீரகத்தில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அயல்நாட்டுச் சரக்குக்குப் பதிவு பெற்ற உள்நாட்டு முகவர் ஒருவர், அவருக்கென்று ஒரு பிரதேசம், அந்தப் பிரதேசத்தில் அவருக்கே ஏகபோகம் என்ற முறையை 1981-ஆம் ஆண்டின் வணிக முகவர் சட்டம் நிலைநிறுத்தியது. அதன் இடத்தில் 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 ஜூன் முதல் அமலுக்கு வந்து சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருக்கிறது என்றாலும், கார் வியாபாரத்தின் அஸ்திவாரம் இன்னும் பழைய அமைப்பின்மேல்தான் நிற்கிறது. இந்த முகவரையும் அவர் நடத்தும் பட்டறையையும்தான் ஏஜென்சி என்கிறார்கள். டொயோட்டாவுக்கு அல்-ஃபுத்தைம் குழுமம் 1955 முதல் முகவர். நிஸானுக்குத் துபாயில் ஒரு குடும்பத்தின் கம்பெனி, அபுதாபியில் வேறொரு குடும்பத்தின் கம்பெனி. ஆகவே வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று தீர்மானிக்கும்போதே, அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு யாருடைய கவுண்டரில் போய் நிற்கப் போகிறோம் என்பதையும் நாம் தீர்மானித்துவிடுகிறோம். வண்டியின் நிறத்தையும் இருக்கையின் தோலையும் ஒரு மாதம் ஆராய்கிறவர்கள், அந்த ஏஜென்சியின் பட்டறை தம் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், முன்பதிவு எத்தனை நாளில் கிடைக்கிறது, அங்கே வண்டியை விட்ட நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு விசாரித்துக்கொள்ளலாம்.

அந்நிய தேசத்தில் வண்டி வைத்திருப்பவருடைய நிலைமை உள்ளூர்க்காரருடைய நிலைமையினின்றும் வேறானது என்பதை மறக்கலாகாது. நமக்கு அங்கே வசிக்கும் உரிமை உத்தியோகத்தோடு கட்டுண்டது. வேலை போனால் குறிப்பிட்ட காலத்துக்குள் வங்கிக் கடனை முடித்து, வீட்டைக் காலி செய்து, வண்டியையும் விற்றாக வேண்டும். அவசரத்தில் விற்கிறவனுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டுமானால் அவன் கையில் இருக்கக்கூடிய ஒரே பலம், வாங்கிய நாள் முதல் ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்பட்டது என்பதற்கு முத்திரையும் ரசீதும் உள்ள சரித்திரம்தான். ஏஜென்சியின் கட்டணம் வெளிப் பட்டறையைக் காட்டிலும் கணிசமாகக் கூடுதல் என்று தெரிந்தும், உத்தரவாதக் காலம் முடியும் வரையிலாவது அங்கேயே போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பிரதான காரணம். உத்தரவாதம் முடிந்த பிறகு எங்கே போவது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, அந்தக் கவுண்டரில் நடப்பதைச் சொல்ல வேண்டும்.

என் வண்டி 60,000 கிலோமீட்டரைத் தொட்ட மார்ச் மாதத்தில், காலை ஏழரை மணிக்கே ஏஜென்சியின் வரவேற்பறையில் போய் அமர்ந்தேன். குளிரூட்டிய பெரிய கூடம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வண்டிகள் வரிசையாக ஏறி இறங்குவது தெரியும். என் முறை வந்ததும், திருச்சூர்க்காரரான சர்வீஸ் அட்வைசர் எழுந்து நின்று கைகொடுத்து, முல்கியா என்னும் வண்டிப் பதிவு அட்டையையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, கையில் இருந்த பலகைக் கணினியில் ஏதோ தட்டி, அதை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். 1,900 திர்ஹாமுக்குச் சற்று மேல். கையெழுத்துப் போடுமுன் பட்டியலைப் படித்தேன். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், காற்று ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில் என்பவற்றுக்குக் கீழே எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம், ஏசி கிருமிநாசினி, வீல் அலைன்மென்ட் என்று இன்னும் ஐந்து வரிகள்.

"தம்பி, இந்தக் கீழே இருக்கிற அஞ்சும் கம்பெனி புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

"சார், எல்லாம் நாங்க ரெக்கமெண்ட் பண்ணுறதுதான். வண்டிக்கு நல்லது."

"நல்லதா இருக்கலாம். புத்தகத்துல இருக்கா?"

நான் முந்தின இரவே வண்டியின் டாஷ்போர்டு அறையிலிருந்து எடுத்துப் படித்து, உரிய பக்கத்தில் காகிதம் செருகி வைத்திருந்த சர்வீஸ் புத்தகத்தை மேஜைமேல் விரித்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மறுபேச்சின்றி அந்த ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக நீக்கினார். தொகை 1,050-க்குள் வந்து நின்றது. வண்டியைத் திரும்ப எடுக்கப் போன மாலையில், கூட்டம் குறைந்திருந்த நேரம் பார்த்து, அவரே மெல்லச் சொன்னார்: "சார், எங்களுக்கும் மாசம் இவ்வளவு என்று கணக்கு இருக்கு. கேட்கிறவருக்கு எடுத்துவிடுவோம். யாரும் கேட்பதில்லை."

அந்த இளைஞரை நான் குறை கூற மாட்டேன். ஊரில் பெற்றோரையும் தங்கையின் கல்யாணக் கடனையும் தாங்குகிற ஒருவர், மேலிருப்பவர் விதித்த இலக்குக்கு உட்பட்டு நடக்கிறார். ஆனால் சர்வீஸ் அட்வைசர் என்று பெயர் பெற்றவர் நம் வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்லர், பட்டறையின் விற்பனைப் பிரதிநிதி; வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் உள்ளே இருக்கிறார்; அவரை நாம் காண்பதே இல்லை. இந்த ஒரு விவரம் தெரிந்தவருக்குக் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே வரும்: இது வண்டியைச் செய்தவன் சொன்னதா, விற்பவன் சொல்வதா?

எனினும், பட்டியலைக் கண்டபடி வெட்டுவதே சாமர்த்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. சர்வீஸ் புத்தகங்களில் சாதாரண உபயோகத்துக்கு ஓர் அட்டவணையும், கடுமையான சூழ்நிலைக்கு இடைவெளி குறைந்த வேறோர் அட்டவணையும் இருப்பது வழக்கம். புழுதி நிறைந்த சாலை, அதிக உஷ்ணம், நெரிசலில் நெடுநேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்பது முதலியவையே கடுமையான சூழ்நிலை என்று அதில் சொல்லப்பட்டிருக்கும். ஜூலை மாதத்தில் 45 பாகையைக் கடக்கும் வெயிலில், மாலை ஆறு மணிக்கு ஷார்ஜா–துபாய்ச் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வீடு சேருகிறவருக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மணற்காற்று வீசிய வாரத்துக்குப் பிறகு காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். கைப்பிடி மணல் கொட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வளைகுடாவின் கடற்கரை ஊர்களில் கோடைக்காலத்து ஈரம் எவ்வளவு என்பது அங்கே ஓர் இரவு வெளியே நின்றவருக்குத் தெரியும். ஆகவே அதை மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. நம் ஊரில் நாலு ஆண்டு உழைக்கிற பாட்டரி அங்கே இரண்டு ஆண்டிலேயே சோர்ந்துவிடுகிறது. அதிலும் ஆண்டு விடுப்பில் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர், விமான நிலையத்திலிருந்து வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி மௌனமாக இருக்கும். ஏசியை மே மாதம் வரை காத்திருக்காமல் மார்ச்சிலேயே பார்க்கச் சொல்லிவிடுங்கள். கோடை தொடங்கியபின் எல்லாரும் அதே வேலைக்கு வந்து நிற்பார்கள்.

டயரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். டயரின் பக்கச் சுவரைக் குனிந்து பார்த்தால், டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். பூ தேயாமல் புதியதுபோல் இருந்தாலும், ஐந்து ஆண்டைக் கடந்த டயரோடு ஓடுவது அந்நாட்டில் குற்றம். வருடாந்தரப் பரிசோதனையிலும் தள்ளிவிடுவார்கள். கொதிக்கும் தாரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் பழைய டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை ஷேக் முகம்மது பின் ஸாயித் சாலையின் ஓரத்தில் நான் ஒருமுறை கண்ணால் கண்டேன். அதை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. புதிய டயர் மாட்டும்போது அந்த நான்கு இலக்கங்களை நீங்களே படித்துப் பார்த்து, பிறகு பணம் கொடுங்கள். இரண்டாண்டு கிடங்கில் கிடந்ததைப் புதிது என்று மாட்டிவிடுகிற கடைகள் உண்டு.

இனி நான் சொல்லப்போவதே இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை. வண்டியில் ஏதேனும் கோளாறு தென்பட்டால், அதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பட்டறையின் வேலைத் தாளாகிய ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் செய்து, அதன் பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் நண்பர் ஒருவர், ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியர், வாங்கி இரண்டு ஆண்டே ஆன வண்டியில் கியர் மாறும்போது ஒரு குலுக்கலை உணர்ந்தார். காலையில் முதல் பத்து நிமிஷம் மட்டும், 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வேகத்தில் மட்டும் அது வரும். எஞ்சின் சூடேறியபின் மறைந்துவிடும். ஏஜென்சிக்குப் போனார். வெயிலில் ஓட்டி வந்து நிறுத்திய வண்டியை அவர்கள் நண்பகலில் ஓட்டிப் பார்த்து, கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனார். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை அவர் புறப்படுமுன் என்னிடம் சொன்னதால், முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்பி டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டும்படி சொன்னேன். அன்று அவரும் அந்தக் குலுக்கலை உணர்ந்தார். ஆனால் அதற்குள் உத்தரவாதம் முடிந்து 19 நாள் ஆகியிருந்தது.

கியர் பெட்டியின் வால்வுத் தொகுதியை மாற்ற அவர்கள் சொன்ன தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வீட்டுக்கு வந்து பழைய காகிதங்களைத் தேடினோம். முதல் முறை போனதற்குக் காகிதமே இல்லை; பேச்சோடு முடிந்த சங்கதி. இரண்டாம் முறை போனபோது, அன்றைய அட்வைசரான பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர், யாரும் சொல்லாமலே தம் கடமையைச் சிரத்தையோடு செய்து, "காலையில் கியர் மாறும்போது குலுக்கல்; 40–50; வாடிக்கையாளர் புகார்; கண்டறிய இயலவில்லை" என்று நான்கு வரி எழுதியிருந்தார். தேதியும் கிலோமீட்டரும் அதில் இருந்தன. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு பட்டறை மேலாளரிடம் போனோம். உத்தரவாதக் காலத்திலேயே தெரிவிக்கப்பட்ட கோளாறு இது என்பதை அவர் மறுக்க முடியவில்லை. பதினைந்து நாளில் செலவின்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி பிற்பாடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். நண்பருக்கு அவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல முடியாமற்போனது இன்றும் ஒரு குறை.

கோளாறை எழுதும்போது "சத்தம் வருகிறது" என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்தப் பக்கம், எந்த வேகம், பிரேக் பிடிக்கும்போதா திருப்பும்போதா, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, ஏசி ஓடும்போது மட்டுமா என்று, வைத்தியரிடம் நோயைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். பாஷை ஒரு தடையாக இருப்பதை நான் அறிவேன். கவுண்டரில் இருப்பவர் மலையாளியாயிருந்தால் நம் தமிழும் அவர் மலையாளமும் கலந்து காரியம் நடந்துவிடும்; எகிப்தியராகவோ பிலிப்பினோவாகவோ இருந்தால் உடைந்த ஆங்கிலம்தான். ஆதலால் வீட்டிலேயே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போய், அதையே ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். நம் பாஷை பேசுகிறவர் கிடைத்தார் என்ற சந்தோஷத்தில் காகிதத்தை அலட்சியம் செய்வதும் ஒரு பிழை. அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். கையெழுத்துக் கேட்கும் தாள் அரபியில் மட்டும் இருந்தால், ஆங்கிலப் பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பெண்கள் வண்டியை எடுத்துச் செல்லும்போது நேரும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். என் மனைவி ஒருமுறை போனபோது, கோளாறை அவள் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, "சாருடைய நம்பர் கொடுங்கள் மேடம்" என்று கேட்டார்களாம். தினமும் 70 கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான், நான் அல்ல. அவள் தன் எண்ணையே எழுதி, எஸ்டிமேட் எதுவானாலும் தன் ஒப்புதல் இன்றி வேலை தொடங்கக் கூடாது என்று ஜாப் கார்டில் ஒரு வரியும் எழுதச் செய்துவிட்டு வந்தாள். இந்த வரியை ஆண்களும் எழுதச் செய்வது உத்தமம்.

வண்டியை ஒப்படைக்குமுன் நாலு பக்கமும், கிலோமீட்டர் எண்ணையும், பெட்ரோல் அளவையும் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள். சந்தேகம் உள்ளவர்கள் பழைய ஃபில்டரின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவதுண்டு; அதில் தவறில்லை. ரசீதில் ஏஜென்சியின் வரிப் பதிவு எண்ணும், 2018 ஜனவரி முதல் அமலில் உள்ள 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், உத்தரவாதத்தில் செய்த வேலையானால் அதுவும், கிலோமீட்டரும் பதிவாகியிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஓட்டிப் பார்க்க எடுத்துச் சென்றபோது ஸாலிக் சுங்க வாயிலைக் கடந்திருந்தால் அது உங்கள் ஸாலிக் கணக்கில் பதிவாகியிருக்கும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் உங்கள் வண்டி போயிற்று என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

உத்தரவாதம் முடிந்த பிறகு வெளிப் பட்டறைக்குப் போவதை நான் ஆட்சேபிக்கவில்லை. துபாயில் அல்கூஸ், ராஸ் அல் கோர், ஷார்ஜாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியா, அபுதாபியின் முஸஃபா ஆகிய இடங்களில் நமது நாட்டவரும் பாகிஸ்தானியரும் நடத்தும் பட்டறைகளில், ஏஜென்சியில் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்து வெளியே வந்த கைகள் எத்தனையோ உண்டு. நான் கடைசி ஆறு ஆண்டுகள் போய்வந்த மெக்கானிக் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எந்தப் பேரிங் என்று சொல்லுவார். நான் அறிய அவர் சொன்னது தவறியதில்லை. இத்தகையவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். ஆனால் பாகங்களின் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். அசல் டப்பா போலவே அச்சடித்த போலி ஃபில்டரும் பிரேக் பேடும் சந்தையில் உலவுகின்றன. கார் கம்பெனியின் முத்திரை இல்லாவிட்டாலும், அதற்குப் பாகம் செய்து கொடுக்கிற டென்ஸோ, ஐஸின், பாஷ் போன்றவர்களின் சொந்த டப்பாவில் வருவது விலையில் குறைவாகவும் தரத்தில் நம்பத்தக்கதாகவும் இருக்கும். அங்கேயும் ரசீது கேளுங்கள். கிலோமீட்டரை எழுதச் சொல்லுங்கள்.

வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னுஸன்–மாஸ் சட்டமும், ஐரோப்பாவில் 2002-லும் 2010-லும் பிறப்பிக்கப்பட்ட விதிகளும், வேறு பட்டறைக்குப் போன ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுப்பதைத் தடுக்கின்றன. அமீரகத்தில் அந்த நம்பிக்கையில் இறங்கிவிடாமல், உங்கள் உத்தரவாதப் புத்தகத்தின் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் ஒன்று. ஏஜென்சி தானாக நீட்டித்துத் தருவது வேறொன்று. இரண்டாவதற்கு நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். அமெரிக்க ஏலத்தில் எடுத்து இறக்குமதியான வண்டிகளுக்கு, வளைகுடாவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல என்ற காரணத்தால், உள்ளூர் ஏஜென்சி உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்க.

விபத்து நேர்ந்தால் ஒரு கீறலுக்குக்கூடப் போலீஸ் காகிதமின்றி எந்தப் பட்டறையும் கைவைக்காது. துபாயில் தவறில்லாதவருக்குப் பச்சைத் தாள், தவறு செய்தவருக்குச் சிவப்புத் தாள். பாலிசி எடுக்கும்போதே ஏஜென்சி ரிப்பேர் உண்டா என்று பார்த்திருந்தால் இந்த இடத்தில் அலைய வேண்டியிராது.

2024 ஏப்ரல் 16-ஆம் தேதியின் மழையை அங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர்; 75 ஆண்டுப் பதிவுகளில் காணாதது. அடித்தள நிறுத்தங்களில் வண்டிகள் கூரைவரை முழுகின. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கிற ஆவலில் சாவியைத் திருப்பியவர்களே அதிகம் நஷ்டப்பட்டார்கள். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். முழுகிய வண்டியைக் கிளப்பாமல் இழுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்த மழைக்குப் பிறகு கைமாறிய வண்டி எதையும், இருக்கை விரிப்பின் அடியில் சேறு இருக்கிறதா, இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாராமல் வாங்காதீர்கள்.

ஏஜென்சியோடு வழக்கு முற்றினால் நம்மவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, விசாவுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வது. அந்நாட்டில் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பிரஜை, அந்நியன் என்று பார்க்கவில்லை. முதலில் பட்டறை மேலாளர், அடுத்துத் தலைமை அலுவலகம், இரண்டுக்கும் எழுத்தில். அதன் பிறகும் பலனில்லையேல் பொருளாதார அமைச்சகத்திலோ துபாயின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலோ ஜாப் கார்டுகளை இணைத்துப் புகார் கொடுக்கலாம். மற்றொரு பிழை இதைவிட விபரீதமானது: கோபத்தில் கைபேசியை எடுத்து, கவுண்டரில் இருப்பவரைப் படம் பிடித்து, திருடன் என்று எழுதி ஊரெல்லாம் பரப்புவது. ஒருவரை இணையத்தில் இழித்துரைப்பதும், அனுமதியின்றிப் படம் பிடித்துப் பரப்புவதும் அங்கே தண்டனைக்குரிய குற்றங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே குற்றவாளியாக நிற்க நேரிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நான் ஊர் திரும்ப வேண்டிவந்தபோது வண்டியை வாங்க வந்தவர் ஒரு சூடானியப் பொறியாளர். அவரிடம் 23 ரசீதுகளும் ஜாப் கார்டுகளும் தேதிவாரியாக அடுக்கிய கோப்பைக் கொடுத்தேன். வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே அவர் காரின் பின்பக்கத்தில் சாய்ந்து நின்று, கால் மணி நேரம் அந்தக் காகிதங்களைப் புரட்டினார். பிறகு விலை பேசாமல் நான் கேட்ட தொகையையே கொடுத்தார்.

உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் இப்போதும் அதன் அறையில், பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கக்கூடும். அதை இன்று இரவே எடுத்து வந்து, உங்கள் அடுத்த சர்வீஸுக்கு உரிய பக்கத்தைப் படித்து, அங்கே ஒரு காகிதம் செருகி வையுங்கள்.